மக்காச்சோளச் செடியில் எந்தத் தனிமம் எங்கே சேர்கிறது? உறுப்புவாரி அளவீட்டில் சில சந்தேகங்கள்

வேர்நுனி (கேள்வி):

மணியடியில் கருப்பு அடுக்கு விழுந்த பிறகு, அதாவது செடி முழுக்க முதிர்ந்த பின், மக்காச்சோளத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து நைட்ரிக் அமிலத்தில் டைஜஸ்ட் செய்து (சூடாக்கிக் கரைத்து) ஐசிபியில் (தனிமங்களை அளக்கும் கருவியில்) ஓட்டிய முடிவுகள் இருக்கின்றன. எல்லா எண்ணும் உலர் எடைக்கு. சில எண்கள் நம்பும்படி இல்லை.

வேரில் இரும்பு 2,900 மி.கி./கி.கி., இலையில் 140 மட்டும். கால்சியம் இலைப்பரப்பில் 0.6%, மணியிலோ 60 மி.கி./கி.கி. நூறு மடங்கு வித்தியாசம். நீர்த்தலில் ஒரு பூஜ்யம் தவறியிருக்குமோ என்று இரண்டு முறை பார்த்தாயிற்று. பொட்டாசியம் தண்டில் 1.8%, இலையில் 0.7% (இலையில்தானே கூடுதலாக இருக்க வேண்டும்?). தண்டைக் கணு, கணுவிடை என்று பிரித்ததில் கணுவில் இரும்பு பல மடங்கு. இலை மாதிரிகளில் டைஜஷன் முடிந்தும் குழாயின் அடியில் வெள்ளையாக ஏதோ தங்குகிறது, வேரில் அது பழுப்பாக இருக்கிறது. மணியில் பாஸ்பரஸ் 0.29%, அடியிலையில் 0.07%.

இதில் எது செடியின் இயல்பு, எது மாதிரி எடுத்ததில் வந்த கோளாறு? அடுத்து மணியையும் கரு, கருவூண் (மாவுப் பகுதி), தோல் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் வழி சொன்னால் நல்லது.

சாம்பல்கிண்ணம்:

வேர் எண்ணை அப்படியே அறிக்கையில் போட்டுவிடாதீர்கள். அதில் எவ்வளவு வேர், எவ்வளவு மண் என்று யாருக்கும் தெரியாது. மண்ணில் இரும்பு சதவீதக் கணக்கில் இருக்கும். வேர்த்தூவிகளில் ஒட்டிய ஒரு சிட்டிகை போதும், முடிவைப் புரட்டிவிடும். தண்ணீரில் கழுவினால் போகாது.

எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க டைட்டானியத்தைப் பிடியுங்கள். செடி அதை ஏறக்குறைய எடுப்பதே இல்லை, மண்ணில் நிறைய இருக்கும். உதாரணத்துக்கு, வேர் மாதிரியில் டைட்டானியம் 50 மி.கி./கி.கி., அதே வயல் மண்ணில் 4,000 என்றால், மாதிரியில் 1.25% மண். அந்த மண்ணில் இரும்பு 3% இருந்தால் 375 மி.கி. இரும்பு மண்ணின் கணக்கு, வேரின் கணக்கல்ல. ஆனால் ஒன்று: நைட்ரிக் அமிலம் டைட்டானியத்தை முழுதாகக் கரைக்காது. அதனால் மண்ணின் ‘மொத்த’ அளவை எங்கிருந்தோ எடுத்துப் போடாமல், மண்ணையும் வேருடன் அதே அமிலம், அதே சூடு, அதே நேரத்தில் டைஜஸ்ட் செய்து அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். குழாயடியில் பழுப்பாகத் தங்குவது பெரும்பாலும் கரையாத மண் கனிமம்தான்.

வேர் கழுவும் முறை: செடியைப் பிடுங்கியதும் ஓடும் நீரில் மண் போக அலசுங்கள். பிறகு 10 மில்லிமோலார் சோடியம் இடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் 10 நிமிடம், அயனி நீக்கிய நீரில் மூன்று முறை. இடிடிஏவில் மணிக்கணக்காக ஊறவிட்டால் செல் சவ்விலிருக்கும் கால்சியத்தை அது உருவிவிடும். பிறகு உள்ளேயிருக்கும் பொட்டாசியம் கசியும். பொட்டாசியமும் கால்சியமும் வேண்டுமென்றால் அந்த வேர்களைத் தனியாக ஒதுக்கி வெறும் நீரில் மட்டும் கழுவுங்கள். ஒரே மாதிரியை வைத்து எல்லாத் தனிமத்தையும் பிடிக்க நினைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இதையெல்லாம் செய்தபின்னும் வேரில் இரும்பு இலையைவிடக் கூடுதலாகவே நிற்கும். அது இயல்பு. செல்சுவர்களிலும் செல் இடைவெளிகளிலும் படிந்த இரும்பு அகத்தோலில் தடுப்புச் சுவராக இருக்கும் காஸ்பேரியன் பட்டையைத் தாண்டி உள்ளே போகாது. காட்மியம், ஈயம், அலுமினியம் மூன்றுக்கும் இதே கதைதான்: வேரில் அதிகம், தட்டையில் (மணி நீங்கலாகத் தரைக்கு மேலுள்ள செடியில்) குறைவு, மணியில் இன்னும் குறைவு.

இலைக் குழாயில் தங்கும் வெள்ளை சிலிக்கா. புல்லினச் செடி எதிலும் வரும், பயப்பட வேண்டாம். மற்ற தனிமங்களுக்கு அதை வடிகட்டிவிட்டு அளக்கலாம். சிலிக்கானையே அளக்க வேண்டுமென்றால் நைட்ரிக் முறை உதவாது: சோடியம் ஹைட்ராக்சைடில் ஆட்டோகிளேவ், இல்லையென்றால் ஹைட்ரோபுளோரிக் அமிலம். பின்னதைக் கையாளக் கால்சியம் குளுகோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் கண்ணாடிப் பாத்திரம் கூடவே கூடாது, பாலிபுரோப்பிலீன் மட்டும். போரானுக்கும் அப்படியே.

அரவை எந்திரம் என்ன உலோகம் என்று நீங்கள் சொல்லவில்லை. துருப்பிடிக்கா எஃகு பிளேடு என்றால் இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் சேர்ந்தே ஏறும். தண்டும் சக்கையும் (மணி உதிர்த்த கதிரின் நடுத்தண்டு) இலையைவிடக் கடினம், பிளேடை அதிகம் தேய்க்கும். கணுவில் ‘பல மடங்கு இரும்பு’ என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். கணு மாதிரியில் குரோமியமும் கூடவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபுளோயம்பித்தன்:

சாம்பல்கிண்ணம் சார் சொன்ன குரோமியச் சோதனையைச் செய்யுங்கள். ஆனால் கணுவில் இரும்பு என்பது நிஜமாகவே நடக்கக்கூடியது, எந்திரத்தின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். 1920களிலேயே பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹாஃபர் என்பவர் மக்காச்சோளத் தண்டை நீளவாக்கில் பிளந்து, கணுவில் பொட்டாசியம் தயோசயனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டு, சிவப்பு நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தார். கணுவில் இரும்பு திரண்டு நின்றால் செடிக்குப் பொட்டாசியம் போதவில்லை என்பது அவர் கண்டது. இன்றும் தண்டைப் பிளந்து கணுவில் கரும்பழுப்பு நிறம் தெரிந்தால் பொட்டாசியப் பற்றாக்குறையைச் சந்தேகிப்பார்கள். கணுவில் குழாய்க்கற்றைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிளைக்கின்றன. எந்த இலைக்கு, எந்தக் கதிருக்கு எது போகவேண்டும் என்று பிரிவது அங்கேதான். இரும்பு சிக்கிக்கொள்வதும் அங்கேதான். ஆகவே குரோமியம் ஏறவில்லை, இரும்பு மட்டும் ஏறியிருக்கிறது என்றால் அடுத்து பொட்டாசியத்தைப் பாருங்கள்.

கால்சியம் 60 மி.கி.: நீங்கள் பூஜ்யம் எதையும் தவறவிடவில்லை. மக்காச்சோள மணியில் அவ்வளவுதான் இருக்கும். கால்சியம் சைலத்தில் (வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாயில்) நீரோடு மேலே போகும், நீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடும். ஃபுளோயத்தில் (இலையிலிருந்து உணவைக் கொண்டுபோகும் குழாயில்) ஏறித் திரும்பி வராது. மணியோ உறைக்குள் மூடிக் கிடக்கிறது, ஆவிபோக்கு மிகக் குறைவு. போதாததற்குத் தாய்ச் செடியின் குழாய்கள் மணியின் அடிக்காம்போடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் கருவூணின் அடியிலுள்ள கடத்துசெல் அடுக்குதான் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே விடுகிறது. ஃபுளோயத்தில் வருவதுதான் மணிக்குக் கிடைக்கும். 10 டன் மணியை அறுத்து எடுத்துப் போனால் வெறும் 600 கிராம் கால்சியம் வெளியேறுகிறது என்று யோசியுங்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் அட்டவணையில் பாதி புரிந்துவிடும். ஃபுளோயத்தில் சுலபமாக ஓடுபவை நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம். பற்றாக்குறை வந்தால் அடியிலையிலிருந்து கழன்று மேலே போகும், அதனால் அறிகுறி அடியிலையில் தெரியும். கால்சியமும் சிலிக்கானும் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். போரானும் மாங்கனீசும் பெரும்பாலும் அப்படியே. வயதான இலையில் செறிவு ஏறும், அதிலும் நுனியிலும் ஓரத்திலும். போரான் நஞ்சாகும்போது இலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகி வருவது இதனால்தான். கந்தகமும் துத்தநாகமும் நடுவாந்தரம். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்புக்கு இருபுறமும் வெளுத்த பட்டை விழும்.

அடியிலையில் பாஸ்பரஸ் 0.07%, மணியில் 0.29% என்பது செடி தன் வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறது என்பதன் அடையாளம். முதிர்ச்சியில் தரைக்கு மேலுள்ள மொத்தப் பாஸ்பரஸில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மணியில் இருக்கும். நைட்ரஜனும் துத்தநாகமும் ஏறக்குறைய 60%. பொட்டாசியம் மட்டும் தலைகீழ்: மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான் மணிக்குப் போகும், மீதி தட்டையில். 10 டன் மணியில் 0.35% என்றால் 35 கிலோ பொட்டாசியம். அதே நிலத்தின் 10 டன் தட்டையில் 1.5% என்றால் 150 கிலோ. மணியை மட்டும் எடுக்கும் நிலத்துக்கும் முழுச்செடியையும் சைலேஜுக்கு (புளிக்கவைத்த பசுந்தீவனத்துக்கு) வெட்டும் நிலத்துக்கும் ஒரே பொட்டாஷ் அளவு சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இலையில் 0.7%, தண்டில் 1.8% பற்றி ஒரு கேள்வி: முதிர்ச்சிக்கும் அறுவடைக்கும் இடையில் மழை பெய்ததா? இலையிலும் தண்டிலும் பொட்டாசியம் எந்தக் கரிமச் சேர்மத்திலும் கட்டுண்டு கிடப்பதில்லை, செல் சாற்றில் வெறும் அயனியாக இருக்கிறது. செல் செத்த பிறகு மழை பட்டால் காய்ந்த இலையிலிருந்து அப்படியே இறங்கிவிடும். தடித்த தண்டிலிருந்து அவ்வளவு வேகமாகப் போகாது. அதனால்தான் பொட்டாசியத்தைக் காய்ந்த செடியில் மதிப்பிடக்கூடாது. கதிர்முடி வெளிவரும் தறுவாயில் கதிருக்குக் கீழே, கதிரை ஒட்டியுள்ள இலையை எடுங்கள். அந்த நிலையில் போதுமான அளவுகள் ஏறத்தாழ: நைட்ரஜன் 2.7–3.5%, பாஸ்பரஸ் 0.25–0.5%, பொட்டாசியம் 1.7–2.5%, கால்சியம் 0.2–1%, மெக்னீசியம் 0.2–0.6%, துத்தநாகம் 20–70 மி.கி./கி.கி. இந்த வரம்புகளை முதிர்ந்த இலைக்குப் போட்டு ‘எல்லாமே பற்றாக்குறை’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வேர்நுனி:

மழை பெய்தது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. அப்படியென்றால் இலையின் பொட்டாசிய எண்ணைத் தூக்கிவிட வேண்டியதுதான். அரவை துருப்பிடிக்கா எஃகில்தான். குரோமியம் அளவிடவில்லை, அதே கரைசல்கள் மீதம் இருக்கின்றன, ஓட்டிப் பார்க்கிறேன். இலைகளைக் கழுவவில்லை. கழுவலாமா, கூடாதா?

சாம்பல்கிண்ணம்:

இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் வேண்டுமென்றால் கழுவியே ஆக வேண்டும். தூசியும் மருந்துத் தெளிப்பும் இலையில் ஒட்டியிருக்கும்.

ஃபுளோயம்பித்தன்:

கழுவினால் பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார்.

சாம்பல்கிண்ணம்:

பச்சை இலையை, வாடுவதற்கு முன், முழுதாக வைத்துக் கழுவினால் அவ்வளவு போகாது. பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்ட் 0.1% கரைசலில் 20–30 விநாடி முக்கி எடுத்து, அயனி நீக்கிய நீரில் இரண்டு அலசு, உடனே துடைத்து 65–70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். துண்டு போட்டபின் கழுவுவதும், காய்ந்தபின் கழுவுவதும்தான் நாசம். உங்கள் இலைகள் ஏற்கெனவே காய்ந்தவை, இனிக் கழுவாதீர்கள்.

கரண்டிமுளை:

மணிக்கு வருகிறேன், அதுதான் என் பக்கம்.

மக்காச்சோள மணியின் எடையில் கருவூண் 82% வாக்கில், கரு 10–12%, தோல் 5%, அடிநுனி 1%. ஆனால் தாதுக்களில் பெரும்பகுதி அந்தப் பத்து சதவீதக் கருவில் இருக்கிறது. பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் பைட்டிக் அமிலமாக (விதை பாஸ்பரஸைச் சேமிக்கும் சேர்மம்), பொட்டாசியம்-மெக்னீசிய உப்பாக, ஸ்குட்டெல்லம் (கருவின் விதையிலை) செல்களுக்குள் புரத வாக்குவோல்களில் (சேமிப்புப் பைகளில்) குண்டு குண்டாகக் கிடக்கிறது. கோதுமையிலும் நெல்லிலும் பைட்டேட்டின் (அந்த உப்பின்) முக்கியக் கிடங்கு கருவூணின் வெளிவிளிம்பான அலுரான் அடுக்கு, மக்காச்சோளத்தில் கரு. 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். இந்த வித்தியாசத்தை மறந்து கோதுமைத் தவிட்டுக்கான வாதத்தை மக்காச்சோளத்துக்குச் சொல்பவர்கள் அதிகம். கரு நீக்கி அரைத்த மாவில் துத்தநாகமும் மெக்னீசியமும் ஏன் அடிமட்டத்துக்குப் போகின்றன என்பதற்கும் காரணம் இதுதான்.

உங்கள் 0.29 சதவீதத்தை வைத்தே ஒரு சரிபார்ப்பு: 100 கிராம் மணியில் 0.29 கிராம் பாஸ்பரஸ். அதில் 80% என்றால் 0.23 கிராம், 11 கிராம் கருவில். ஆக கருவில் செறிவு 2% வாக்கில் வர வேண்டும். பிரித்து அளந்தபின் 1 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கருவோடு கருவூண் மாவு ஒட்டி வந்திருக்கிறது.

பிரிக்கும்போது பெரும்பாலோர் இரவு முழுக்க ஊறப்போடுகிறார்கள். கூடாது. பொட்டாசியம் நீரில் இறங்கும், கரு விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். அயனி நீக்கிய நீரில் தோல் இளகும் வரை, சில நிமிடங்கள் போதும். அடிநுனியைக் கிள்ளி எடுத்தால் கருப்பு அடுக்கு தெரியும்; அங்கிருந்து தோலைக் கீறி உரியுங்கள். பிறகு கருவின் விளிம்பில் பிளேடை நுழைத்து நெம்பினால் ஸ்குட்டெல்லத்தோடு முழுதாகக் கழன்று வரும். பிளேடு செராமிக் அல்லது டைட்டானியமாக இருக்கட்டும். டைட்டானியத்தை மண்ணுக்கான அடையாளமாகப் பார்ப்பதென்றால் செராமிக்தான். அலுரான் அடுக்கு தோலோடு போகாது, கருவூணோடு ஒட்டி நிற்கும். ‘கருவூணில் துத்தநாகம்’ என்று எழுதினால் அலுரானும் சேர்ந்த எண் என்று குறிப்பிடுங்கள். ஒரு மாதிரிக்கு 20–30 மணியாவது வேண்டும், அதுவும் கதிரின் நடுப்பகுதியிலிருந்து. நுனி மணி சிறியது, அதில் கருவின் விகிதம் வேறு.

டைஜஷனில் ஒரு எச்சரிக்கை. கருவின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய். இலைக்கு 0.5 கிராம் போடும் பழக்கத்தில் கருவுக்கும் அதையே போட்டு மைக்ரோவேவில் மூடினால் அழுத்தம் எகிறி வால்வு திறக்கும், மாதிரி போச்சு. 0.2 கிராம், 6 மி.லி. நைட்ரிக், 1 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு. மூடுவதற்கு முன் அரைமணி நேரம் திறந்தபடி நுரையடங்க விடுங்கள்.

எண்ணுக்கு முன் கண்ணால் பார்க்க ஆசையென்றால், மணியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து டைதைசோன் கரைசலில் (மெத்தனாலில் லிட்டருக்கு 500 மி.கி.) அரைமணி நேரம் போடுங்கள். துத்தநாகம் உள்ள இடம் சிவக்கும்: கரு பளிச்சென்று, அலுரான் மெல்லிய கோடாக, கருவூண் வெளிறி. இரும்புக்கு பெர்ல்ஸ் நீலம் என்ற சாயச் சோதனை: 2% பொட்டாசியம் பெரோசயனைடும் 2% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுத்தும் நேரத்தில் சம அளவு கலந்து. இவை இடம் காட்டும், அளவு காட்டாது.

தட்டைக்கட்டு:

தண்டைப் பிரிக்கும்போது நைட்ரேட்டை விட்டுவிட்டீர்கள். ஐசிபியில் அது தெரியாது. நைட்ரிக் அமிலத்தில் டைஜஸ்ட் செய்துவிட்டு நைட்ரேட்டைத் தேடவும் முடியாது. உலர்த்தி அரைத்த தூளைத் தனியாக நீரில் வடித்து எடுக்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் உபரி நைட்ரேட் அடித்தண்டில் தேங்கும். அதை வைத்தே பருவ முடிவில் உரம் கூடியதா குறைந்ததா என்று சொல்லும் சோதனை உண்டு. கருப்பு அடுக்கு விழுந்து 1–3 வாரத்துக்குள், தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு அதற்கு மேல் 20 செ.மீ. துண்டு, இலையுறையை உரித்துவிட்டு, 15 செடிகளிலிருந்து. நோய்வாய்ப்பட்ட தண்டு வேண்டாம். காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வியர்த்துப் பூஞ்சை பிடித்தால் எண் கெடும். நைட்ரேட்-நைட்ரஜன் 250 பிபிஎம்முக்குக் கீழே என்றால் பயிர் பசித்திருக்கிறது, 700–2,000 சரி, 2,000ஐத் தாண்டினால் செலவழித்த உரத்தில் ஒரு பகுதி வீண். துண்டின் உயரம் முக்கியம். மேலே போகப் போகச் செறிவு சரசரவென்று இறங்கும், நீங்கள் ‘கீழ்த்தண்டு’ என்று கண்ணளவில் வெட்டினால் இந்த வரம்புகள் பொருந்தாது.

வறட்சியில் நின்ற பயிரைத் தீவனத்துக்கு அறுப்பவர்கள் வெட்டும் உயரத்தை 30–45 செ.மீ. வரை தூக்குவதும், மாட்டுக்கு நஞ்சாகும் அந்த நைட்ரேட் அடித்தண்டில் இருப்பதால்தான்.

உப்பு நிலத்துச் செடி என்றால் இலையுறையையும் இலைப்பரப்பையும் கலக்காதீர்கள். மக்காச்சோளம் சோடியத்தை வேரிலும் உறையிலும் பிடித்து வைத்து, இலைப்பரப்புக்குப் போகாமல் தடுக்கப் பார்க்கும். இரண்டையும் சேர்த்து ‘இலை’ என்று அரைத்தால் அந்தத் தடுப்பு எண்ணில் காணாமல் போய்விடும்.

வேர்நுனி:

நன்றி. மீதமிருந்த கரைசல்களில் குரோமியம் ஓட்டியாயிற்று. கணுவிலும் கணுவிடையிலும் ஒரே அளவு, இரண்டிலும் குறைவு. இரும்பு மட்டும் கணுவில் நிற்கிறது.

இன்னொன்று: செறிவைப் போடுவதா, ஒரு செடிக்கு எத்தனை மி.கி. என்று போடுவதா?

ஃபுளோயம்பித்தன்:

குரோமியம் இரண்டிலும் ஒன்று என்றால் உங்கள் கணு நிஜக் கணு. அடுத்த பருவத்தில் கதிர்முடி நேரத்து இலையில் பொட்டாசியம் பாருங்கள், 1.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஹாஃபர் சொன்னதுதான்.

எண்ணை இரண்டு விதமாகவும் போடுங்கள், ஆனால் ‘சேர்கிறது’ என்ற சொல்லை மி.கி./செடி எண்ணுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முதிர்ந்த இலையில் மாவுப்பொருள் வெளியேறி எடை குறைந்தால், ஒரு மி.கி.கூட உள்ளே வராமலேயே கால்சியச் செறிவு ஏறும். அதற்கு நேர்மாறாக, மணி பருக்கும்போது மாவு சேரச் சேரத் துத்தநாகச் செறிவு இறங்கும், ஆனால் மொத்தத் துத்தநாகம் கூடிக்கொண்டிருக்கும். செறிவு × உலர் எடை; அதற்கு ஒவ்வொரு உறுப்பின் எடையும் தனியாக வேண்டும். சக்கையையும் கதிர் உறையையும் எடை போடாமல் எறிந்துவிட்டால் மொத்தக் கணக்கு முடியாது, அதிலும் பொட்டாசியக் கணக்கு.

சாம்பல்கிண்ணம்:

எடை போடும்போது வேரை மறந்துவிடுங்கள். வயலில் பிடுங்கிய வேர் எப்போதும் பாதி வேர்தான், மெல்லிய வேர்கள் மண்ணிலேயே நின்றுவிடும். வேருக்குச் செறிவு மட்டும் போடுங்கள், ‘ஒரு செடிக்கு’ என்ற கணக்கைத் தரைக்கு மேலுள்ளவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வெற்று மாதிரி (செடி போடாமல் அமிலம் மட்டும்), ஒரு சான்றளித்த இலைத்தூள் (அளவுகள் முன்பே தெரிந்தது). கால்சியம் 60 மி.கி. என்னும் அளவில் வெற்று மாதிரியின் கால்சியமே 5 மி.கி. காட்டினால்கூட அது எட்டு சதவீதப் பிழை. அதைக் கழிக்காமல் மணிக்கு எண் எழுத வேண்டாம்.